அவிநாசிக் குளக்கரையில் வன்தொண்டர்

அவிநாசி என்றதும் கொங்கு நாட்டுப் பெண்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது தேர். அடுத்தது, முதலை வாய்ப் பிள்ளை! கோவையிலிருந்து சேலம் செல்லும் சாலையில் சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில், கருணாம்பிகை அம்மனுடன் அவிநாசியப்பர் அருள்பாலிக்கும் ஸ்தலம் இது. பேரக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு இந்தக் கோயிலுக்குப் போகிற பாட்டிமார்கள், சிற்பத்தில் இருக்கும் முதலையைக் காட்டிக் கதை சொல்லாமல் வீடு திரும்புவதில்லை. குளத்தில் குளித்த சிறுவனை முதலை விழுங்கியது; சில வருடங்கள் கழித்து சுந்தரமூர்த்தி நாயனார் வந்து பாடினார்; முதலை பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தது. குழந்தைகளுக்கு இது போதும்.

ஆனால், பெரிய புராணத்தை வரிசையாகப் படித்துக்கொண்டு வந்தால் வேறொன்று கண்ணில் படும். அந்தக் குளக்கரைக்கு வருவதற்கு முன்பே, ஒருவருடைய நோயைத் தீர்க்கப் புறப்பட்டுப் போய், அவரைப் பிணமாகப் பார்த்தவர் சுந்தரர். அதற்கும் முன்பு, தன் இரண்டு கண்களையும் இழந்து, ஊன்றுகோல் பிடித்து ஊர் ஊராக நடந்தவர். உபன்யாசங்களில் இவை தனித்தனி நாள் கதைகளாகப் பிரிந்துவிடுகின்றன. அதனால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள தொடர்பு நம் காதில் விழுவதே இல்லை. அவிநாசியில் அவர் நின்ற கோலத்தைப் புரிந்துகொள்ள, முதலில் திருவொற்றியூர் மகிழ மரத்தடிக்கும், பிறகு திருப்பெருமங்கலத்தில் ஒரு வீட்டு வாசலுக்கும் போய்வர வேண்டும்.

ஓலை காட்டி ஆட்கொண்டார்

சுந்தரர் அவதரித்தது திருமுனைப்பாடி நாட்டுத் திருநாவலூரில். தந்தை சடையனார், தாய் இசைஞானியார். இருவருமே அறுபத்துமூவர் வரிசையில் இடம் பெற்றவர்கள். குழந்தையின் அழகைக் கண்ட அந்நாட்டு மன்னர் நரசிங்கமுனையரையர் கேட்டுப் பெற்று, அரண்மனையிலேயே வளர்த்தார். அந்தணர் வீட்டுப் பிள்ளை, அரச போகத்தில் வளர்ந்தது. இவர் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. 12-ம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் பாடிய பெரிய புராணம் இவரில் தொடங்கி இவரில்தான் முடிகிறது.

புத்தூரில் கல்யாணம். மணப்பெண், சடங்கவி சிவாச்சாரியாரின் மகள். முகூர்த்த நேரத்தில் கிழவர் ஒருவர் ஓலையோடு வந்து, இந்த மாப்பிள்ளை எனக்கு அடிமை என்று வழக்குப் போட்டதும், சுந்தரர் அவரைப் பித்தன் என்று ஏசியதும், திருவெண்ணெய்நல்லூர் சபையில் வழக்குத் தோற்றதும் நாம் எல்லோரும் அறிந்த கதை. வந்தவர் ஈசன். ஏசிய சொல்லையே முதல் சொல்லாக வைத்துப் பாடச் சொன்னார். வன்மையாக வாதாடியதால் வன்தொண்டர் என்று பெயர். பிறகு திருவாரூரில், உன்னை எனக்குத் தோழனாகத் தந்தேன் என்று இறைவனே சொல்லிவிட, தம்பிரான் தோழர் ஆனார். அங்கேதான் பரவையாரைக் கண்டதும், மணந்ததும்.

தோழமை என்பது பெரிய பேறு. அதே சமயம், கொஞ்சம் ஆபத்தானதும் கூட! கேட்டதெல்லாம் கிடைக்கும் இடத்தில் மனசு மெல்ல உரிமை எடுத்துக்கொள்ளும். நெல் வேண்டும் என்றார். குண்டையூரில் மலையாகக் குவிந்தது. பங்குனி உத்திரச் செலவுக்குப் பொன் தேவைப்பட்டது; திருப்புகலூரில் தலைக்கு வைத்துப் படுத்த செங்கல் விடிவதற்குள் பொன்கல்லாகி இருந்தது. முதுகுன்றத்தில் பெற்ற 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொண்டார்.

முதன்முதலாகக் கொங்கு நாட்டுக்கு அவர் வந்ததும் இந்தக் காலத்தில்தான். கொடுமுடியில் பாடினார். அந்தப் பதிகத்தைக் கவனித்துப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். தன் ஞாபகத்தை அவர் நம்பவில்லை. மனசு ஒருவேளை இறைவனை மறந்து போனாலும், பழகிப்போன நாக்கு அந்த ஐந்தெழுத்தைத் தானாகச் சொல்லிவிடும் என்கிறார். பிறகு நம் பேரூர். அங்கே பட்டிப் பெருமான் தில்லைக் கூத்தையே காட்டி அருளினார் என்பார் சேக்கிழார். பின்னாளில் தில்லையில் பாடும்போது சுந்தரர் மறக்காமல் பேரூரைச் சேர்த்துப் பாடியிருக்கிறார். சுந்தரர் வருகிறார் என்று தெரிந்து பட்டீஸ்வரரும் பச்சைநாயகியும் வயலில் இறங்கி நாற்று நட்ட கதையைப் பேரூர்க்காரர்கள் இன்றும் சொல்வார்கள். ஆனி மாதத்து நாற்று நடவு விழா அதை ஒட்டியதுதான்.

தன் மனசையே நம்பாமல் கொடுமுடியில் பாடியவர், சில காலத்திலேயே தன் சாமர்த்தியத்தை நம்பிவிட்டார். அது நடந்த இடம், திருவொற்றியூர்.

மகிழ மரத்தடியில்...

ஞாயிறு என்ற ஊரைச் சேர்ந்த ஞாயிறு கிழவரின் மகள் சங்கிலியார். கல்யாணப் பேச்சே வேண்டாம் என்று, ஒற்றியூரில் கன்னிமாடத்தில் தங்கி, இறைவனுக்குப் பூத்தொடுக்கும் தொண்டு செய்து வந்தார். திரைக்குப் பின்னால் மாலை கட்டிக்கொண்டிருந்த அவரைச் சுந்தரர் கண்டார். நேரே சன்னிதிக்குப் போய், இவரை எனக்குத் தரவேண்டும் என்று கேட்டுவிட்டார்.

இறைவன் சங்கிலியாரின் கனவில் தோன்றிச் சொன்னார். சங்கிலியார் விவரம் தெரிந்த பெண். அவர் திருவாரூரில் பரவையாரோடு வாழ்கிறவர் ஆயிற்றே, என்னை விட்டுப் போய்விட மாட்டாரா என்கிற கவலையை மரியாதையோடு தெரிவித்தார். பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுப்பான் என்றார் ஈசன். பிறகு சுந்தரரிடமும் அதைச் சொன்னார்.

இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். சுந்தரருக்குச் சத்தியம் செய்யத் தயக்கம். ஏன்? வேறு பெண்ணை நினைத்தா? இல்லை. பல ஊர் இறைவனையும் போய்ப் பாடிப் பணிய வேண்டியவன் நான், ஒற்றியூரை விட்டு நகர மாட்டேன் என்று எப்படிச் சத்தியம் செய்வது என்பதுதான் அவர் யோசனை. நல்ல எண்ணம்தானே? ஸ்தல யாத்திரையை யாராவது தப்பு சொல்ல முடியுமா? அந்த நல்ல எண்ணத்தின் நிழலில்தான் அந்தத் தந்திரம் முளைத்தது. சங்கிலியோடு நான் சன்னிதியில் சத்தியம் செய்யும் நேரம் மட்டும், நீங்கள் சன்னிதியை விட்டு வெளியே போய், மகிழ மரத்தடியில் இருந்துகொள்ளுங்கள் என்று இறைவனிடமே கேட்டுக்கொண்டார். சாமி இல்லாத இடத்தில் செய்த சத்தியம் சத்தியம் ஆகாது என்று ஒரு கணக்கு!

எங்கும் நிறைந்தவன் என்று எத்தனையோ ஊர்களில் பாடிய வாய் அது. அவரையா இடம் மாற்றி உட்கார வைப்பது? ஊரார் யாரையும் ஏமாற்ற அவர் நினைத்திருக்க மாட்டார். முதலில் ஏமாந்தது அவரேதான். சங்கிலியார் கேட்டது வாக்கு. தனக்கு வேண்டியிருந்தது வாசல். இரண்டையும் ஒன்றாக்கி, அதற்குப் பக்தி என்று பெயர் வைத்துக்கொண்டார்.

ஈசன் சரி என்று தலையசைத்தார். அன்றிரவே சங்கிலியாரின் கனவில் மறுபடி போய், சன்னிதியில் வேண்டாம், மகிழ மரத்தடியில் சத்தியம் கேள் என்றும் சொல்லிவிட்டார். விடிந்தது. சுந்தரர் கோயிலுக்குள் நுழைய, சங்கிலியாரின் தோழியர், இறைவன் திருமுன்பு சத்தியம் செய்வது தகாது, மகிழ மரத்தடி போதும் என்றார்கள். சுந்தரர் திகைத்துப் போனார். மறுத்தால் கல்யாணம் இல்லை. மரத்தை மூன்று முறை வலம் வந்து, பிரியேன் என்று சத்தியம் செய்தார். அந்த மரத்தடியில் அப்போது யார் இருந்தார் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்! ஒற்றியூரில் மாசித் திருவிழாவில் இந்தச் சத்தியம் இன்றும் மகிழடி சேவையாக நடக்கிறது.

கண் போனது

வசந்த காலம் வந்தது. தென்றல் வீசியதும் திருவாரூர் தியாகேசரின் வசந்த விழா நினைவுக்கு வந்துவிட்டது. ஆரூரை மறந்து இத்தனை நாள் இருந்துவிட்டேனே என்று உருகினார். அதுவும் பக்திதான். ஆனால் சத்தியம்? ஒற்றியூர் எல்லையைத் தாண்டிய மறுகணம் இரண்டு கண்களும் இருண்டன. மூர்ச்சித்து விழுந்தார்.

தண்டனை என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். எனக்கு இதில் பெரிதாகத் தெரிவது, கண் போனது இல்லை. அது திரும்பிய விதம்! நெல்லை மலையாகக் கொடுத்த இறைவன், கண்ணை ஒரே நாளில் கொடுத்துவிடவில்லை. திருவெண்பாக்கத்தில் போய், கோயிலில் இருக்கிறீரா என்று கேட்டார். இருக்கிறோம், நீ போய் வா என்கிற தோரணையில், முன்பின் தெரியாதவரிடம் பேசுவது போல் பதில் வந்தது. தோழனிடமிருந்து இப்படி ஒரு பதில்! கண் கேட்டவருக்குக் கிடைத்தது ஒரு கோல். அதனால் அங்கே சுவாமிக்கு ஊன்றீஸ்வரர் என்று பெயர். 1940-களில் பூண்டி நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய ஊர் தண்ணீருக்குள் போய்விட, கோயிலை இடம் மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். சென்னைப் பக்கம் போகிறவர்கள் தரிசித்து வரலாம்.

கோலை ஊன்றிக்கொண்டே காஞ்சிபுரம் வரை நடந்தார். ஏகாம்பரநாதர் இடக்கண்ணைத் தந்தார். வலக்கண் இல்லை. வழியில் உடம்பில் சரும நோயும் கண்டது. திருத்துருத்தி, அதாவது இன்றைய குத்தாலத்தில் குளத்தில் மூழ்கி எழ அது நீங்கியது. ஒற்றைக் கண்ணோடு ஆரூர் போய்ச் சேர்ந்து, அந்த வாசலில் அழுது பாடிய பிறகுதான் வலக்கண் கிடைத்தது. ஒவ்வொரு ஊரிலும் அவர் பாடியவற்றில், தோழன் என்ற உரிமையைவிட, தப்பு செய்தவன் என்ற ஒப்புதலே அதிகம் கேட்கிறது. பிழை செய்தேன், பொறுத்தருள வேண்டும் என்று அவர் மறைக்காமல் சொல்கிறார்.

ஒரு கோபமும் ஒரு சூலை நோயும்

கண் வந்தது. பரவையாரின் கதவு திறக்கவில்லை. ஒற்றியூர்க் கல்யாணச் செய்தி அவருக்கு முன்பே ஆரூர் வந்து சேர்ந்திருந்ததே! நியாயமான கோபம். சுந்தரர் மறுபடியும் இறைவனைத்தான் கூப்பிட்டார். ஈசன் நள்ளிரவில் திருவாரூர்த் தெருவில், பரவையார் வீட்டுக்கு இரண்டு முறை தூது நடந்தார். முதல் முறை திருப்பி அனுப்பப்பட்டும் அலுத்துக்கொள்ளாமல் இரண்டாம் முறையும் போனார்.

இது திருப்பெருமங்கலத்தில் இருந்த ஏயர்கோன் கலிக்காமர் காதுக்கு எட்டியது. வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் பக்கத்து ஊர். சோழனுக்குச் சேனாபதிகளாக இருந்த குடும்பம். பரம்பரை பரம்பரையாகச் சிவத்தொண்டு. அவர் கொதித்துப் போனார். ஒரு பெண்ணின் ஊடலைத் தீர்க்க, ஆண்டவனை ஒரு அடிமை ஏவுவதா? அவனைக் கண்ணால் கண்டால் என்ன ஆகுமோ என்றார். சுந்தரர் செய்தி கேட்டு, தன் பிழைதான் அது என்று ஒப்புக்கொண்டு, அவர் மனம் மாற வேண்டும் என்று தினமும் இறைவனிடம் வேண்டினார்.

கலிக்காமரின் கோபத்தில் சுயநலம் துளியும் கிடையாது. ஆண்டவனின் மரியாதைக்காகக் கோபப்பட்டார். அதனாலேயே அந்தக் கோபத்தை அவரால் கீழே வைக்க முடியவில்லை. நமக்காகக் கோபப்படும்போது, ஒரு நேரம் இல்லாவிட்டால் ஒரு நேரம், நாம்தான் தப்போ என்று உறைக்கும். சாமிக்காக, குடும்ப கௌரவத்துக்காக என்று கோபப்படும்போது அப்படி உறைப்பதே இல்லை. தூது நடந்தவர் மனமுவந்து நடந்தாரா என்று கலிக்காமர் ஒருமுறையும் அவரிடம் கேட்கவில்லை.

இறைவன் இருவரையும் சேர்த்து வைக்க நினைத்தார். கலிக்காமருக்குச் சூலை நோய் வந்தது. வயிற்றைக் குடையும் வலி. இறைவனை வேண்ட, இதை வன்தொண்டன் வந்துதான் தீர்ப்பான் என்று பதில் வந்தது. வழிவழியாக அடிமை செய்த குடும்பம் எங்களது. நேற்று ஓலை காட்டி ஆட்கொள்ளப்பட்டவனா என் நோயைத் தீர்ப்பது? அவன் தீர்ப்பதைவிட இந்த வலியே இருக்கட்டும் என்றுவிட்டார்.

அதே இறைவன் சுந்தரரிடம், போய் அவன் நோயைத் தீர் என்றார். சுந்தரருக்கு ஒரே மகிழ்ச்சி. நோய் தீர்க்க வருகிறேன் என்று முன்கூட்டியே ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். நல்ல செய்தி என்று நினைத்துத்தான் அனுப்பினார். அந்தச் செய்தி போய்ச் சேர்ந்த வீட்டில் அது எப்படி விழும் என்று அவருக்குத் தோன்றவில்லை. நாமும் அப்படித்தானே! பேச்சுவார்த்தை இல்லாத ஓரகத்தி வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால், மனசு நிறைய நல்லெண்ணத்தோடு திருநீறும் பிரசாதமும் எடுத்துக்கொண்டு, வருகிறேன் என்று போன் செய்துவிட்டுக் கிளம்புகிறோம். நாம் கொண்டுபோகிற திருநீற்றோடு நம் பெருந்தன்மையும் சேர்ந்து போகிறது. படுத்திருப்பவருக்கு இரண்டாவதுதான் முதலில் தெரியும்.

அவன் வந்து தீர்ப்பதற்குள் நான் போய்விடுகிறேன் என்று கலிக்காமர் வாளால் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அவருடைய மனைவி யார் தெரியுமா? மானக்கஞ்சாற நாயனாரின் மகள். கல்யாணத்தன்று, சிவனடியார் வேடத்தில் வந்த இறைவன் கேட்டார் என்று, மணக்கோலத்தில் இருந்த மகளின் கூந்தலை அடியோடு அரிந்து கொடுத்தாரே ஒரு தந்தை, அவருடைய மகள். சின்ன வயதிலேயே எத்தனையோ பார்த்த பெண். கணவரோடு தானும் உயிரை விடத் துணிந்த நேரத்தில், வாசலில் சுந்தரர் வந்துவிட்டார் என்ற செய்தி வந்தது. அழுகையை நிறுத்தச் சொன்னார். வாசலில் விளக்கும் பூரண கும்பமும் வைத்து வரவேற்கச் சொன்னார். சுந்தரர் உள்ளே வந்து அமர்ந்து, அவருடைய சூலையைத் தீர்த்து அவரோடு இருக்க ஆசைப்படுகிறேன் என்றார். அவருக்கு ஒரு கெடுதியும் இல்லை, உள்ளே தூங்குகிறார் என்று சொல்லச் சொன்னார் அந்த அம்மையார்.

கதை சொல்கிற பலரும் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு இந்த ஒரு பொய்யைக் கடந்து போகவே மனசு வருவதில்லை. வந்த அடியாரின் மனம் நோகக்கூடாது என்பதற்காக, கணவனின் உடல் உள்ளே கிடக்க, வெளியே வந்து ஒன்றும் இல்லை என்று சொல்கிற பெண். நம்மில் எத்தனை பேர் இதே வாசலில் நின்றிருக்கிறோம்! குடியோ, கடனோ, தீராத நோயோ உள்ளே இருக்கும். வந்தவர்களிடம், நன்றாக இருக்கிறார், தூங்குகிறார் என்போம். சொல்லிச் சொல்லி, கொஞ்ச நாளில் நாமே அதை நம்பவும் ஆரம்பித்துவிடுவோம்.

சுந்தரர் அந்தப் பதிலோடு எழுந்து போய்விடவில்லை. ஒன்றும் இல்லை என்றாலும் என் மனம் கேட்கவில்லை, அவரைப் பார்த்தே ஆக வேண்டும் என்றார். காட்டினார்கள். ரத்தத்தில் கிடந்தவரைக் கண்டார்.

அப்போது அவர் என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். அவர் பதிகம் பாடவில்லை. திருநீறு எடுக்கவில்லை. நெல்லும் பொன்னும் கேட்ட அந்த வாய் எதையும் கேட்கவில்லை. இவர் போன வழியே நானும் போகிறேன் என்று, பக்கத்தில் கிடந்த வாளை எடுத்தார். நோய் தீர்க்க வந்தவர், கொண்டு வந்தது ஒன்றுமில்லை என்று தெரிந்து நின்ற கணம் அது. அந்தக் கணத்தில் இறைவன் அருளால் கலிக்காமர் எழுந்தார். எழுந்து செய்த முதல் காரியம், சுந்தரரின் கையைப் பிடித்து வாளைத் தடுத்ததுதான். முகத்தில் விழிக்க மாட்டேன் என்றவரின் கை! கையை விட்டதும் ஒருவர் காலில் ஒருவர் விழுந்தார்கள்.

வயிற்றிலிருந்த சூலை எப்போது போனது என்று தனியாகச் சொல்ல வேண்டியே இருக்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து, பக்கத்திலிருந்த திருப்புன்கூருக்குப் போய் வழிபட்டார்கள். நந்தனாருக்காக நந்தி விலகிய அதே ஸ்தலம். அங்கே சுந்தரர் பாடிய பதிகத்தில் கலிக்காமரின் பிணி நீங்கியதைக் குறிப்பிடுகிறார். தீர்த்தவர் யார் என்கிறார்? சிவலோகநாதரே தீர்த்தார் என்கிறார். வன்தொண்டன்தான் தீர்ப்பான் என்று இறைவன் சொன்ன காரியத்தில், வன்தொண்டர் தன் பெயரை எழுதிக்கொள்ளவில்லை.

மீண்டும் கொங்கு நாட்டில்

இதன் பிறகு சேரமான் பெருமாளின் நட்பு கிடைத்தது. அவரோடு கொடுங்கோளூர் போய்த் தங்கி, நிறையப் பொன்னும் பொருளும் பரிசாகப் பெற்றுக் கொங்கு வழியாகத் திரும்பியபோதுதான், அவிநாசிக்குப் பக்கத்தில் உள்ள திருமுருகன்பூண்டியில் வேடர்கள் வழிமறித்து அத்தனையையும் பறித்துக்கொண்டார்கள். வேடர்களாக வந்தவை சிவ பூதங்கள். தான் கொடுக்காமல் வேறொருவர் கொடுத்ததைச் சுந்தரர் கொண்டுபோகக் கூடாது என்று இறைவனுக்கு ஒரு செல்லக் கோபம். சுந்தரர் கோயிலுக்குள் போய், இப்படி வழிப்பறி நடக்கிற ஊரில் நீங்கள் எதற்காகக் குடியிருக்கிறீர்கள் என்று சண்டை போட, எல்லாம் திரும்பி வந்தது. தோழமை மறுபடி பழைய குறும்போடு இருந்ததைப் பார்க்க, நமக்கும் நிம்மதியாக இருக்கிறது.

சில காலம் கழித்துச் சேரமானைப் பார்க்க மறுபடியும் புறப்பட்டார். அந்தப் பயணத்தில்தான் அவிநாசி. அன்றைய பெயர் திருப்புக்கொளியூர்.

அந்தணர்கள் குடியிருந்த தெருவில் நுழைந்தபோது, ஒரு வீட்டில் மங்கல வாத்தியம். எதிர் வீட்டில் அழுகை. விசாரித்தார். ஐந்து வயதுப் பிள்ளைகள் இருவர் சேர்ந்து குளிக்கப் போன இடத்தில், ஒருவனை முதலை பிடித்துக்கொண்டது. தப்பியவனுக்கு இன்று பூணூல். போனவனும் இருந்திருந்தால் நமக்கும் இன்று இந்த வாத்தியம்தானே என்று எதிர் வீட்டில் அழுகிறார்கள்.

இப்போது சுந்தரர், இதோ நான் தீர்க்கிறேன் என்று அந்த வீட்டுக்குள் போகவில்லை. ஆள் அனுப்பிச் சொல்லவும் இல்லை. தெருவில் நின்றார். வந்திருப்பவர் சுந்தரர் என்று கேள்விப்பட்டு, அழுதுகொண்டிருந்த அந்தத் தாயும் தகப்பனும் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து விழுந்து வணங்கினார்கள். பிள்ளையை இழந்தவர்கள் நீங்களா என்று அவர் கேட்டபோது, அது என்றைக்கோ நடந்தது, உங்களைப் பார்க்க வேண்டும் என்று எத்தனை நாள் ஏங்கினோம், இன்று கிடைத்துவிட்டது என்றார்கள். பிள்ளையைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்கவே இல்லை.

கலிக்காமர் வீட்டு வாசலில் கேட்ட, ஒன்றும் இல்லை என்ற அதே சொல்தான் இது, இல்லையா? ஆனால் இவர்கள் எதையும் மறைக்கவில்லை. தெருவே கேட்க அழுதவர்கள். துக்கமும் நிஜம், அடியாரைக் கண்ட சந்தோஷமும் நிஜம். சுந்தரர் உருகியது இந்த இடத்தில்தான். இந்தப் பிள்ளையை மீட்டுக் கொடுத்துவிட்டுத்தான் அவிநாசியப்பரையே தரிசிப்பேன் என்று, குளம் எங்கே என்று கேட்டு நடந்தார்.

குளம் வற்றிக் கிடந்தது. முதலையும் இல்லை, தண்ணீரும் இல்லை. கரையில் நின்று பாடத் தொடங்கினார். பத்துப் பாட்டு கொண்ட அந்தப் பதிகத்தின் முதல் பாட்டை எடுத்துப் பாருங்கள். முதலை அதில் இல்லை. பிள்ளையும் இல்லை. உன்னை எப்படி மறப்பேன், உன்னையே பற்றிக்கொண்டு வாழ்கிறேன் என்றுதான் இருக்கிறது. ஒற்றியூர் எல்லையில் விழுந்தவரின் பாட்டு அது. நான்காம் பாட்டில்தான் விண்ணப்பம் வருகிறது. அதுவும், நான் மீட்கிறேன் என்றில்லை. காலனுக்கு நீ கட்டளையிடு, முதலை அந்தப் பிள்ளையைக் கரைக்குக் கொண்டுவந்து தரட்டும் என்கிறார். கேட்டுவிட்டு ஒதுங்கி நிற்கிறார்.

நம் கொங்கிலேயே திருஞானசம்பந்தரும் இப்படிச் செய்திருக்கிறார். திருச்செங்கோட்டில் அவருடன் வந்த அடியார்களைப் பனிக்காலத்துக் குளிர்சுரம் வாட்டியபோது, திருநீலகண்டத்தின் மேல் ஆணை வைத்துப் பாடினார். தன் கூட்டத்துக்கு மட்டுமல்லாமல், நாடு முழுக்க அந்தச் சுரம் நீங்கியது. உடம்புக்கு முடியாதவர்களுக்காக அந்தப் பதிகத்தைப் பாராயணம் செய்கிற வீடுகள் இன்றும் உண்டு. டாக்டர் கொடுத்த மாத்திரையையும் வேளைக்குக் கொடுத்துவிட்டுப் பாராயணம் செய்யுங்கள். மருந்தை நிறுத்தச் சொல்லி எந்தப் பதிகமும் சொல்லவில்லை.

அவிநாசியில் நான்காம் பாட்டு முடிந்தது. வற்றிய குளத்தில் நீர் பெருகியது. முதலை கரையேறியது. பிள்ளையைக் கொண்டுவந்து விட்டது. ஐந்து வயதில் போனவன், இடையில் கழிந்த ஆண்டுகளின் வளர்ச்சியோடு வந்தான் என்கிறார் சேக்கிழார். நின்றுபோன நாளிலிருந்து தொடராமல், எதிர் வீட்டுப் பிள்ளையின் வயதுக்கு வந்து சேர்ந்துவிட்டான். பெற்றவள் ஓடிப்போய் அள்ளிக்கொண்டாள். சுந்தரர் அவனைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய், சன்னிதியில் நிறுத்தினார். பிறகு அவனுக்கும் முறைப்படி பூணூல் கல்யாணம் செய்துவைத்துவிட்டு, சேர நாட்டுக்குப் புறப்பட்டார்.

அவருக்கு அது திரும்பி வராத பயணம். ஆடி மாதத்துச் சுவாதி நட்சத்திரத்தில், திருவஞ்சைக்களத்திலிருந்து வெள்ளை யானை மீது கயிலாயம் ஏறினார். அப்போது அவருக்கு வயது 18 என்பது மரபு. பாட்டிலேயே பாதி வாழ்க்கையைப் பாடிவைத்துவிட்டுப் போன அவருடைய 100 பதிகங்கள் ஏழாம் திருமுறையாக நம் கையில் இருக்கின்றன.

அவிநாசித் தாமரைக் குளத்தின் கரையில் அவருக்கு ஒரு கோயில் இருக்கிறது. முதலை வாய்ப் பிள்ளையை மீட்ட உற்சவம் பங்குனி மாதத்தில் நடக்கும். திருப்பூரிலிருந்து வருகிறவர்கள் முதலில் திருமுருகன்பூண்டியைத் தரிசித்துவிட்டு அவிநாசிக்கு வரலாம், ஒரே சாலைதான். கோயிலில் அம்மன் சன்னிதி சுவாமிக்கு வலப்புறம் இருக்கும். கருணாம்பிகையைத் தரிசிக்கும்போது, குளக்கரையில் பிள்ளையை அள்ளிக்கொண்ட அந்தத் தாயின் பெயரைச் சேக்கிழார் எங்கும் சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தால், அவளுக்காகவும் ஒரு நமஸ்காரம் செய்துவிட்டு வாருங்கள்.